அமிகா 1200 ஹார்ட் டிஸ்க் மக்கர்: அறிகுறி பார்த்து வழி பிடிப்பது

காமடோர் நிறுவனம் 1992 அக்டோபரில் அமிகா 1200 என்ற வீட்டுக் கணினியை விற்பனைக்கு விட்டபோது, கீபோர்டுக்குக் கீழே மதர்போர்டிலேயே ஹார்ட் டிஸ்க் மாட்டுவதற்கான 44 பின் ஐடிஇ இணைப்பி ஒன்று இருந்தது. 40, 80 எம்பி கொள்ளும் 2.5 அங்குல டிஸ்க்குகளுக்காகச் செய்த ஏற்பாடு. இன்று பெரும்பாலோர் அதில் அடாப்டர் வைத்து காம்பேக்ட் ஃப்ளாஷ் கார்டு செருகுகிறார்கள். கார்டு வேலை செய்யவில்லை என்றதும் கார்டையே மாற்றிக்கொண்டிருப்பதுதான் பரவலான தவறு. கோளாறு அநேகமாகக் கேபிளிலோ, 5 வோல்ட்டிலோ, பார்ட்டிஷன் போடும்போது, அதாவது டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்போது, தட்டிய ஓர் எண்ணிலோ இருக்கும். பூட் எந்தக் கட்டத்தில் நின்றது என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடலாம். அதற்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரைத் தொட வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டிய திரை

மவுஸின் இரண்டு பொத்தான்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் போடுங்கள். கிக்ஸ்டார்ட் (ரோம் சிப்பில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) 3.0, 3.1 இரண்டிலுமே "எர்லி ஸ்டார்ட்டப் கன்ட்ரோல்" என்ற திரை வரும். அதில் "பூட் ஆப்ஷன்ஸ்" போய்ப் பட்டியலைப் பாருங்கள். டிஎச்0, அதாவது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன், இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் கோளாறு கேபிள், மின்சாரம், ஜம்பர், பார்ட்டிஷன் அட்டவணை இவற்றில் ஒன்று. இருக்கிறது, ஆனால் பூட் ஆகவில்லை என்றால் வன்பொருள் அநேகமாகச் சரி. ஃபைல் சிஸ்டத்தையோ, பூட் ஆகும்போது தானாக ஓடும் கட்டளைப் பட்டியலான ஸ்டார்ட்டப்-சீக்வென்ஸையோ பார்க்க வேண்டும். அதே திரையில் ஸ்டார்ட்டப்-சீக்வென்ஸ் இல்லாமல் பூட் செய்யும் பொத்தானும் உண்டு. பாதி ஏறி நிற்கும் மெஷினை அதை வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

பவர் போட்டால் விளக்கே சரியாக எரியவில்லை

உடனே அணைத்துவிட்டுக் கேபிளைப் பாருங்கள். இந்த இணைப்பியின் பின்களுக்கு இடையே 2 மில்லிமீட்டர்தான். 20-ஆம் பின் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். கேபிளில் அந்தத் துளை அடைத்திருந்தால் தப்பாகச் செருக முடியாது. மலிவான கேபிள்களில் துளை திறந்தே இருக்கும், எப்படி வேண்டுமானாலும் உட்காரும்.

41, 42 பின்கள் 5 வோல்ட், 43 தரை (கிரவுண்ட்). கேபிள் ஒரு வரிசை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் 5 வோல்ட் நேராக 43-க்குப் போகும். பின்னால் நகர்ந்தால் 40-க்கு; அதுவும் தரைதான். ஆக எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஷார்ட், பவர் சப்ளை படுத்துவிடும். இதில் சேதம் குறைவு. தலைகீழாகச் செருகுவதுதான் ஆபத்து. அப்போது 41, 42 போய் 4, 3-இல் விழுகின்றன. அவை டேட்டா பின்கள். ஷார்ட் ஆகாமல், விளக்கும் எரிந்துகொண்டே, டிஸ்க்கின் டேட்டா கால்களில் 5 வோல்ட் ஏறும். எனவே கேபிளின் சிவப்புக் கோடு போர்டில் 1 என்று அச்சிட்ட பக்கமும், அடாப்டரில் 1 என்று குறித்த பக்கமும் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அடாப்டரில் குறி இல்லையென்றால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, எந்த முனை 1 என்று கண்டுபிடித்த பிறகே செருகுங்கள்.

ஃப்ளாப்பி போடச் சொல்லும் படம் வருகிறது, பட்டியலில் டிஎச்0 இல்லை

கன்ட்ரோல், இரண்டு அமிகா விசைகள் மூன்றையும் சேர்த்து அழுத்தி ரீசெட் செய்யுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு டிஸ்க் தெரிகிறதென்றால், அது சுழன்று தயாராவதற்குள் ரோம் காத்திருந்து சலித்துப் போயிருக்கிறது. பழைய சுழலும் டிஸ்க்குகளில் இது சகஜம். பேரிங் கனத்துவிட்டது என்பதற்கும் இது முன்னறிவிப்பு, உள்ளே இருப்பதை அன்றைக்கே நகலெடுத்துவிடுங்கள்.

ரீசெட்டுக்குப் பிறகும் தெரியவில்லையென்றால் இன்ஸ்டால் ஃப்ளாப்பியில் பூட் செய்து, ஹெச்டிடூல்ஸ் டிராயரில் உள்ள, டிஸ்க்கைப் பிரித்து அமைக்கும் நிரலான ஹெச்டிடூல்பாக்ஸைத் திறங்கள். ஹார்ட் டிஸ்க் இல்லாமல் விற்ற பல மெஷின்களோடு இந்த ஃப்ளாப்பி வரவில்லை. தனியாகத் தேட வேண்டியிருக்கும். டூல்பாக்ஸ் எந்த டிரைவையும் காட்டவில்லையென்றால் அதன் ஐக்கனின் டூல்டைப்பில் (ஐக்கனோடு சேமித்த அமைப்பு வரிகளில்) சாதனத்தின் பெயர் "ஸ்கஸி.டிவைஸ்" என்று, முழுவதும் சிறிய எழுத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். இது ஐடிஇ மெஷின் ஆயிற்றே என்று அந்தப் பெயரை மாற்றிவிடாதீர்கள். பெயர் ஸ்கஸி (வேறொரு வகை டிஸ்க் இணைப்பு), வேலை ஐடிஇ. ரோமில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

பெயர் சரி, இன்னும் டிரைவ் தெரியவில்லை என்றால் அடாப்டரின் ஜம்பரைப் பாருங்கள். ஒரே கேபிளில் இரண்டு டிரைவ் மாட்டினால் முதலாவது மாஸ்டர், இரண்டாவது ஸ்லேவ்; ஒரே டிரைவ் இருந்தால் அது மாஸ்டராக இருக்க வேண்டும். பல அடாப்டர்கள் கடையிலிருந்து ஸ்லேவாகவே வருகின்றன. 3.5 அங்குல டிஸ்க் போட்டிருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சிலவற்றில் "தனி டிரைவ்" என்றும் "ஸ்லேவோடு சேர்ந்த மாஸ்டர்" என்றும் இரண்டு ஜம்பர் நிலைகள் உண்டு. இரண்டாவதில் வைத்துவிட்டு ஸ்லேவ் இல்லாமல் ஓட்டினால், இல்லாத தம்பியைத் தேடிக்கொண்டே நிற்கும்.

3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் வேண்டும். மெஷினோடு வந்த இலேசான பவர் சப்ளை 12 வோல்ட்டில் தருவது 0.5 ஆம்பியர்தான், டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அதைப் போல மூன்று, நான்கு மடங்கு கேட்கும். தனி சப்ளை இல்லாமல் அந்த டிஸ்க்கை மாட்டவே வேண்டாம்.

டூல்பாக்ஸில் டிரைவ் தெரிகிறது, பார்ட்டிஷன்களைக் காணவில்லை

அமிகா தன் பார்ட்டிஷன் அட்டவணையை டிஸ்க்கின் முதல் 16 பிளாக்குகளுக்குள் எங்காவது வைக்கும். பெரும்பாலும் முதல் பிளாக்கிலேயே. அந்தக் கார்டை விண்டோஸ் மெஷினில் செருகி, "டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா" என்று கேட்டதற்குச் சரி என்று சொல்லியிருந்தால் விண்டோஸ் எழுதியதும் அதே முதல் பிளாக்கில்தான். அட்டவணையின் செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தாமல் போகும். அமிகாவைப் பொறுத்தவரை டிஸ்க் காலி. ஆனால் பார்ட்டிஷன்களுக்குள் இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். பழைய பார்ட்டிஷன்களின் தொடக்க, முடிவு சிலிண்டர் எண்கள் குறித்து வைத்திருந்தால் அதே எண்களோடும் அதே ஃபைல் சிஸ்டத்தோடும் அட்டவணையைத் திரும்ப எழுதி, ஃபார்மட் செய்யாமல் பூட் செய்தால் எல்லாம் திரும்பி வரும். எனவே பார்ட்டிஷன் போட்ட அன்றே அந்த எண்களைக் காகிதத்தில் எழுதி, மெஷின் மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள்.

டிஎச்0 பட்டியலில் இருக்கிறது, ஆனால் "என்டாஸ்" (படிக்க முடியாத டிஸ்க்) என்கிறது

மூன்று காரணங்கள். பார்ட்டிஷன் போட்டு, ரீசெட் செய்து, ஃபார்மட் செய்ய மறந்திருக்கலாம். பார்ட்டிஷன் பிஎஃப்எஸ் என்ற தனி ஃபைல் சிஸ்டம் வகையாக இருந்து, பிஎஃப்எஸ் ஃபைல் சிஸ்டத்தை அட்டவணைக்குள் ஏற்றாமல் விட்டிருக்கலாம். ரோமுக்கு ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் மட்டுமே தெரியும். அல்லது அடையாள எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கலாம். பிஎஃப்எஸ் 3-க்கு அது 0எக்ஸ்50465303.

ஃபைல் சிஸ்டத்தைச் சேர்க்கும் இடம் டூல்பாக்ஸில் சற்று ஒளிந்திருக்கிறது. "பார்ட்டிஷன் டிரைவ்" போய் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" அழுத்தினால்தான் ஃபைல் சிஸ்டம் சேர்க்கும் பொத்தான் கண்ணில் படும். அங்கே ஃபைலைக் காட்டி, மேலே சொன்ன எண்ணைக் கொடுத்து, பிறகு ஒவ்வொரு பார்ட்டிஷனாகத் தேர்ந்து "சேஞ்ச் ஃபைல் சிஸ்டம்" வழியாக அதே எண்ணை வைக்க வேண்டும். முதல் திரைக்குத் திரும்பி "சேவ் சேஞ்சஸ் டு டிரைவ்" அழுத்தாமல் வெளியேறினால் செய்த எதுவும் நிற்காது.

சின்ன ஃபைல்கள் சரி, பெரிய ஃபைல்கள் மட்டும் கெடுகின்றன

மிகவும் ஏமாற்றும் கோளாறு இதுதான். அமிகாவின் திரைமுகமான வொர்க்பெஞ்ச் அழகாக ஏறும், ஐக்கன்கள் வரும், டெக்ஸ்ட் ஃபைல்கள் திறக்கும். ஒரு பெரிய விளையாட்டை நகலெடுத்து ஓட்டினால் குரு மெடிடேஷன், அதாவது மெஷின் நின்றுபோகும் பிழைத் திரை. கார்டு போலி என்று கார்டின்மேல் பழி போடுவார்கள்.

ஐடிஇ கட்டளை ஒன்றில் எத்தனை செக்டர் வேண்டும் என்று சொல்லும் பதிவேடு 8 பிட் கொண்டது. 255 வரை நேரடியாக எழுதலாம். 256 வேண்டுமென்றால் பூஜ்யம் எழுத வேண்டும் என்பது விதி. ஒரே மூச்சில் அந்த அளவுக்கோ அதற்கு மேலோ கேட்கும் கோரிக்கைகளில்தான் பழைய ரோமின் டிரைவரும் பின்னாளில் வந்த டிஸ்க்குகளும் உரசிக்கொள்கின்றன. 255 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட், மொத்தம் 1,30,560. இதை ஹெக்ஸில் எழுதினால் 0எக்ஸ்1எஃப்இ00. இந்த எண்ணைத்தான் ஒவ்வொரு பார்ட்டிஷனின் ஃபைல் சிஸ்டம் திரையிலும் "மேக்ஸ் டிரான்ஸ்ஃபர்" கட்டத்தில் போட வேண்டும். ஒன்றில் போட்டு மற்றதில் மறந்தால், மறந்த பார்ட்டிஷனில் கோளாறு அப்படியே தொடரும். அதற்குப் பக்கத்தில் உள்ள "மாஸ்க்" கட்டத்தில் 0எக்ஸ் போட்டு, ஒரு 7, அடுத்து ஆறு எஃப், கடைசியில் இ. அது ஏற்கெனவே அப்படி இருந்தால் தொடாதீர்கள்.

எண்ணை மாற்றியதும் டூல்பாக்ஸ் டேட்டா போய்விடும் என்று மிரட்டும். மேக்ஸ் டிரான்ஸ்ஃபரை மட்டும் மாற்றினால் பார்ட்டிஷனின் உள்ளடக்கம் நகர்வதில்லை. ஆனாலும் முக்கியமானதை எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஏற்கெனவே கெட்டுப்போன ஃபைல்கள் தானாகச் சரியாகா. அவற்றை மூலத்திலிருந்து மறுபடி நகலெடுக்க வேண்டும். சரியானதா என்று சோதிக்க 2, 3 எம்பி அளவுள்ள எல்எச்ஏ கோப்பு (சுருக்கிக் கட்டிய தொகுப்பு) ஒன்றை டிஸ்க்கில் போட்டு, எல்எச்ஏ நிரலின் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். அதில் சிஆர்சி (சரிபார்ப்பு எண்) பிழை வராமல் மூன்று முறை தேறினால் போதும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று எல்லாமே மறைந்துவிட்டது

கார்டு 4 ஜிபிக்கு மேலா? அப்படியென்றால் காரணம் தெரிந்ததே. கிக்ஸ்டார்ட் 3.0, 3.1 ரோம்களில் உள்ள டிரைவர், டிஸ்க்கில் எந்த இடம் என்பதை 32 பிட் பைட் எண்ணாகச் சொல்கிறது. அதில் அடங்குவது 4,29,49,67,296 பைட். அதற்கு அடுத்த பைட்டில் எழுதச் சொன்னால் பிழை என்று சொல்லாமல் எண்ணைச் சுற்றிவிட்டு டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதும். அங்கேதான் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது.

8 ஜிபி என்று விற்கும் (கணினி எண்ணிக்கையில் சுமார் 7.45 ஜிபி) கார்டில் முதல் 1 ஜிபியை டிஎச்0 என்றும் மீதியை டிஎச்1 என்றும் வைத்ததாகக் கொள்ளுங்கள். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் தன் ரூட் பிளாக்கை (ஃபைல் பட்டியல் தொடங்கும் இடத்தை) பார்ட்டிஷனின் நடுவில் வைக்கும். டிஎச்1-இன் நடு, கார்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 4.2 ஜிபி. சுற்றிவந்தால் 0.2 ஜிபி. அது டிஎச்0-வின் வயிற்றுக்குள். டிஎச்1-ஐ ஃபார்மட் செய்த அந்த நிமிடமே டிஎச்0-வில் ஓட்டை விழுந்துவிட்டது. அது கண்ணில் படுவதற்குத்தான் சில வாரங்கள் ஆகின்றன.

வழிகள் இரண்டு. கடையில் 4 ஜிபி என்று விற்கும் கார்டு சுமார் 400 கோடி பைட். எல்லைக்குள் முழுவதுமாக அடங்கும். அதுவே இந்த மெஷினுக்கு ஏராளம். பெரிய கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் எல்லாப் பார்ட்டிஷன்களையும் 4 ஜிபிக்குக் கீழே முடித்துவிட்டு மீதியைத் தரிசாகப் போடுங்கள். 8.4 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க் எதுவும் தன் அளவை 16,383 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்றே சொல்லும் என்பதால், பழைய டூல்பாக்ஸுக்கு 32 ஜிபி கார்டும் 8 ஜிபி கார்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்த எண்ணை நம்பிப் பார்ட்டிஷனை இழுத்துவிடாதீர்கள்.

இரண்டாவது வழி ரோம் மாற்றம். 2018-இல் வந்த அமிகாஓஎஸ் 3.1.4, 2021-இல் வந்த 3.2 இரண்டின் ரோம்களும் இந்த எல்லையைத் தாண்டும். 1200-இல் ரோம் சிப் இரண்டு. சாக்கெட்டுகளுக்கு 42 துளை, சிப்புகளுக்கு 40 கால். 1, 42 துளைகள் காலியாக இருக்கும்படி, பள்ளம் உள்ள முனையில் ஒரு ஜோடியை விட்டு உட்கார வையுங்கள். புதிய ரோம் போட்ட பிறகும் 1990-களின் டிஸ்க் பழுதுபார்க்கும் நிரல்களை 4 ஜிபிக்கு அப்பால் உள்ள பார்ட்டிஷனில் ஓட்டக் கூடாது. அவை 32 பிட்டிலேயே எண்ணும், பழைய விபத்தைப் புதிய ரோமிலும் நிகழ்த்திக் காட்டும்.

புதிய கார்டைத் தயார் செய்யும் வரிசை

டூல்பாக்ஸில் "சேஞ்ச் டிரைவ் டைப்", "டிஃபைன் நியூ", "ரீட் கான்ஃபிகரேஷன்" என்று வரிசையாகப் போனால் கார்டு தன் அளவைத் தானே சொல்லும். "லோ லெவல் ஃபார்மட்" பொத்தானைத் தொடாதீர்கள். அது ஐடிஇ டிஸ்க்குக்கு உரியதல்ல. டிஎச்0-வுக்கு 300 முதல் 500 எம்பி, பூட்டபிள், ஆட்டோமவுண்ட் இரண்டும் ஆம். மீதி டிஎச்1. மேக்ஸ் டிரான்ஸ்ஃபர் இரண்டிலும். சேவ். பிறகு ரீசெட். அதற்குப் பிறகே ஃபார்மட், அதுவும் "குவிக் ஃபார்மட்". சாதாரண ஃபார்மட்டை அழுத்தினால் ஒவ்வொரு செக்டராக எழுதிக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் என்றால் "இன்டர்நேஷனல் மோட்" இருக்கட்டும், "டைரக்டரி கேஷ்" வேண்டாம். பட்டியலை வேகமாகக் காட்டும், எழுதுவதை மெதுவாக்கும், கெட்டால் மீட்பதும் கடினம்.

"டிஸ்க் நாட் வேலிடேட்டட்"

எழுதிக்கொண்டிருக்கும்போது மெஷின் நின்றிருக்கிறது. ஃபாஸ்ட் ஃபைல் சிஸ்டம் அடுத்த பூட்டில் எந்த பிளாக் காலி என்று மறுபடி எண்ணும். அதுவரை எழுத விடாது. விளக்கு எரிந்துகொண்டிருந்தால் காத்திருங்கள். பொறுமையிழந்து ரீசெட் செய்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. எண்ணி முடிக்காமல் பிழை சொன்னால் அந்தப் பார்ட்டிஷனில் எதையும் எழுதாமல் டிஸ்க்சால்வ் என்ற மீட்பு நிரலைக் கொண்டு வேறு பார்ட்டிஷனுக்கு ஃபைல்களை மீட்டு, பிறகு குவிக் ஃபார்மட். டிஸ்க்டாக்டர் என்ற பழைய பழுதுபார்ப்பு நிரல் வேண்டவே வேண்டாம். அடிக்கடி இப்படி ஆகிறதென்றால் பிஎஃப்எஸ் 3-க்கு மாறிவிடுங்கள். அதற்கு இந்த எண்ணிக்கைச் சடங்கு கிடையாது. எதுவானாலும் விளக்கு அணைந்து மூன்று, நான்கு நொடி கழித்தே பவரை அணையுங்கள்.

முதல் பூட் சரி, ரீசெட் செய்தால் கார்டு காணோம்

பவரை அணைத்துப் போட்டால் வருகிறது, மூன்று விசை ரீசெட்டில் வருவதில்லை. சில கார்டுகள் ரீசெட் சமிக்ஞைக்குப் பிறகு சரியாக எழுவதில்லை. மென்பொருளில் மருந்தில்லை. வேறு அடாப்டர், பிறகு வேறு தயாரிப்புக் கார்டு.

பழைய டிஸ்க் சுழலவில்லை, அல்லது டிக் டிக் என்கிறது

சுழலவே இல்லையென்றால் ஹெட் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றி, தட்டையாகப் பிடித்து, பவர் போட்ட கணத்தில் மணிக்கட்டால் சட்டென்று ஒரு திருகு. கதவுக் குமிழைத் திருப்புவதுபோல. தட்டக் கூடாது. எழுந்துவிட்டால் அணைக்காமல் நகலெடுங்கள், அடுத்த தடவை எழும் என்று உத்தரவாதமில்லை.

யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி நவீன மெஷினில் நகலெடுக்கலாம் என்று பார்த்தால், 1992-93 காலத்துச் சிறு டிஸ்க்குகள் பலவற்றுக்கு எல்பிஏ முறை (செக்டர்களை வரிசை எண்ணால் குறிப்பது) தெரியாது. அடாப்டர்களுக்கு அது மட்டுமே தெரியும். ஆகவே அமிகாவிலேயே வேலையை முடிக்க வேண்டும். இடது பக்கப் பிசிஎம்சிஐஏ துளையில் (விரிவாக்கக் கார்டு செருகும் இடத்தில்) கார்டு அடாப்டர், அதற்கான சிஎஃப்டி டிரைவர், பிசி வகை ஃபேட் கார்டைப் படிக்க ஃபேட்95 ஃபைல் சிஸ்டம். ஃபைல்களை அப்படியே ஃபேட் கார்டில் போட்டால் அமிகாவின் பாதுகாப்பு பிட்டுகளும் குறிப்புரைகளும் உதிர்ந்துவிடும். எல்எச்ஏ கோப்பாகக் கட்டி நேராகக் கார்டிலேயே எழுதுங்கள். பிசிஎம்சிஐஏ கார்டு தெரியவில்லையென்றால் கீழ்ப்பக்கத்தில் 8 எம்பி ரேம் விரிவாக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் ஒரே முகவரிகளுக்கு அடித்துக்கொள்ளும். ரேமின் ஜம்பரை 4 எம்பிக்கு மாற்றினால் கார்டு தெரியும்.

ஆக்சிலரேட்டர் (வேகமான ப்ராசஸர் கார்டு) போட்டதிலிருந்து படிப்புப் பிழை

டிஸ்க் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, ஃப்ளாப்பி டிரைவுக்குப் போகும் நான்கு ஒயர் இணைப்பியில் 5 வோல்ட்டை அளங்கள். 4.8-க்குக் கீழே போனால் பவர் சப்ளைதான் குற்றவாளி. 1200-உடன் வந்தது 5 வோல்ட்டில் 3 ஆம்பியர். அமிகா 500-இன் கனமான சப்ளை இதே செருகியோடு அதிகம் தரும். வோல்ட் சரியாக இருந்தும் பிழை வந்தால், போர்டு 1டி4 அல்லது 2பி வகையா என்று பாருங்கள். அவற்றில் ஈ123சி, ஈ125சி என்ற இரண்டு கெபாசிட்டர்கள் கடிகாரத் துடிப்பைப் பிசக வைக்கின்றன; அவற்றைக் கழற்றிவிடுவது அறிந்த தீர்வு. சாலிடரிங் கைப்பழக்கம் இல்லாதவர்கள் பழகியவரிடம் கொடுங்கள், பட்டை உரிந்தால் ஒட்டுவது பாடு.

மெதுவாக இருக்கிறது

இது கோளாறில்லை. இந்த ஐடிஇ ஓடுவது மிக மெதுவான பிஐஓ 0 முறையில். அதன் உச்சமே நொடிக்கு 3.3 எம்பி, கையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. வேகமான கார்டுக்குக் காசு கொடுத்துப் பயனில்லை. அந்தக் காசில் ஃபாஸ்ட் ரேம் (ப்ராசஸருக்கு மட்டுமே ஆன நினைவகம்) போடுங்கள். 2 எம்பி சிப் ரேம் மட்டும் இருக்கும் மெஷினில் ப்ராசஸரும் திரைச் சிப்புகளும் ஒரே நினைவகத்துக்கு வரிசையில் நிற்கின்றன. டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பது அந்தப் ப்ராசஸர்தான்.